பெயருக்கு நடுவே ஒரு சாய்கோடு

பிரிக்பீல்ட்ஸ்
5 பிப்ரவரி 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

கலா எழுதுவது. நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இடுப்பு வலி விட்டபாடில்லை, மற்றபடி நலம். உங்கள் பிரஷர் எப்படி? போன வாரம் இரண்டு தடவை கூப்பிட்டேன், நீங்கள் போனை எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் "நல்லா இருக்கேன், வெச்சிடவா" என்பதோடு முடித்திருப்பீர்கள். அண்ணி போன பிறகு, எழுதினால்தான் உங்களிடமிருந்து நாலு வரி வருகிறது.

வேலை விஷயமாக ஒரு உதவி வேண்டும். நம் பாலர் பள்ளிச் சங்கத்துக்கு நீங்கள் நிறுவிக் கொடுத்த மெயில் சர்வரை மாற்றப் போகிறோம். நீங்கள் ஓய்வு பெற்று இத்தனை வருடம் ஆகியும் அது ஓடிக்கொண்டிருப்பதே பெரிய விஷயம். ஆனால் போன மாதம் ஒரு கூத்து நடந்தது. எப்போதோ வேலையை விட்டுப் போன ஒரு கிளார்க்கின் முகவரியில் யாரோ புகுந்து, "டெங்கில் பாலர் பள்ளிக்கு நாளை விடுமுறை" என்று பெற்றோர் எல்லாருக்கும் அனுப்பிவிட்டார்கள். மறுநாள் டீச்சர் மட்டும் வந்து காலி வகுப்பில் உட்கார்ந்திருந்தார்.

ஆள் போனதும் பணியாளர் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுகிறோம். கணினி, விடுப்பு, கோப்பு எல்லாம் அன்றே பூட்டிக்கொள்கின்றன. உங்கள் மெயில் சர்வர் மட்டும் தனியாகத் தன் கையில் ஒரு பாஸ்வேர்ட் கட்டை வைத்துக்கொண்டு, யாரையும் கேட்காமல் எல்லாரையும் உள்ளே விடுகிறது. போனவர்களின் முகவரி நிறைய இன்னும் திறந்தே கிடக்கிறது. உங்களுடையதும் அதில் ஒன்று. நமக்குள் இந்தக் கடிதப் போக்குவரத்தே அதில்தானே நடக்கிறது!

எந்த மென்பொருளை எடுப்பது என்று மண்டை காய்கிறது. வழி சொல்லுங்கள். மாத்திரையை நேரத்துக்குப் போடுங்கள்.

அன்புத் தங்கை,
கலா


கிள்ளான்
9 பிப்ரவரி 2024

அன்புள்ள கலாவுக்கு,

உன் இடுப்புக்கு என் முதல் விசாரிப்பு. அந்த நாற்காலியை மாற்று, சர்வரைப் பிறகு மாற்றலாம். என் பிரஷர் என்னைப் போலவே, ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை.

என் சர்வரைக் குறை சொல்லாதே. நான் நிறுவியபோது சங்கத்தில் பட்டியல் என்று ஒன்றே கிடையாது. யார் வேலையில் இருக்கிறார், யார் போனார் என்பது டீ கலக்கும் அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்.

மென்பொருள் விற்க வருகிறவன் எவனும் "பட்டியலோடு சேர்ந்து வேலை செய்யாது" என்று சொல்ல மாட்டான். எல்லாரும் "செய்யும், செய்யும்" என்பார்கள். எப்படிச் செய்யும் என்று கேள். உங்கள் கொண்டோ கேட்டில் காவல் நிற்கும் ஜாகாவை நினைத்துக்கொள். ஒரு ஜாகா தன் நோட்டில் இருப்பவரை மட்டும் விடுவான். இன்னொருவன் ஆபீஸ் பட்டியலை ராத்திரி ஒருமுறை பார்த்து எழுதி வைத்துக்கொண்டு, மறுநாள் முழுக்க அதை வைத்துத்தான் கேட்டைத் திறப்பான். மூன்றாமவன் ஒவ்வொரு தடவையும் மேலே போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் விடுவான். உனக்கு மூன்றாமவன் வேண்டும். அவனிடம் உள்ள ஒரே தொல்லை, மேலே போனை யாரும் எடுக்காவிட்டால் வீட்டுக்காரனையே வெளியே நிறுத்திவிடுவான். அதற்கு இரண்டாவது போன் ஒன்று வைத்துக்கொள். அவ்வளவுதான் விஷயம்.

சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். மூடிய முகவரிக்கு வெளியிலிருந்து யாராவது எழுதினால், எழுதியவருக்கு என்ன பதில் போகும்?

வேளைக்குச் சாப்பிடு.

அண்ணன்,
ஜெயராஜ்


பிரிக்பீல்ட்ஸ்
26 பிப்ரவரி 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். பதில் எழுத நாளாகிவிட்டது, கோபிக்க வேண்டாம். நாற்காலி மாற்றினேன். இடுப்பு அதே இடுப்புதானே, வலிக்கிறது. உங்கள் சாப்பாடு எப்படி? மறுபடியும் ரொட்டியும் சார்டினுமாக ஓட்டுகிறீர்களா?

மூன்று ஜாகாக்களையும் பார்த்துவிட்டேன். பெரிய கம்பெனிக்காரனுடையது நீங்கள் சொன்ன இரண்டாமவன், ராத்திரிதான் பட்டியலைப் பார்க்கிறது. காலையில் நீக்கிய ஆள் சாயங்காலம் வரை உள்ளே உலாவலாம். எல்லாம் ஒரே பெட்டியில் வரும் இன்னொன்றும் பட்டியலைக் கேட்கிறது, ஆனால் கேட்ட பாஸ்வேர்டைத் தானும் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்கிறது. பழைய குருடி கதவைத் திறடி கதைதான். மூன்றாவது, துண்டு துண்டாகச் சேர்த்து நாமே கட்ட வேண்டியது. அது மட்டும்தான் ஒவ்வொரு முறையும் பட்டியலைக் கேட்கிறது. கட்டுவதற்கு நான் ஒருத்திதான் இருக்கிறேன்.

தலைவர் சிவசம்பு ஐயா ஒரே வரியில் முடித்துவிட்டார். "பிள்ளை, லிஸ்டில இல்லாத ஆளுக்கு மெயிலும் இல்லை. விதிவிலக்கு ஒண்டும் கேட்டு வராதேங்கோ."

நீங்கள் கேட்டதற்குப் பதில்: மூடிய முகவரிக்கு எழுதினால், "இப்படி ஒருவர் இங்கே இல்லை" என்று எழுதியவருக்கே திரும்பிப் போகும். ஏன் கேட்டீர்கள்?

அன்புடன்,
கலா


கிள்ளான்
3 மார்ச் 2024

அன்புள்ள கலாவுக்கு,

நலமே. சார்டின் இல்லை, இந்த வாரம் முட்டை. வியாழக்கிழமை உன் அண்ணிக்குத் திதி. கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு வந்தேன். உன்னைக் கூப்பிடவில்லையே என்று நினைக்காதே. உனக்கு வேலை இருக்கும் என்று தெரியும்.

மூன்றாவதைக் கட்டு. கஷ்டம்தான், ஆனால் ஒழுங்கானது அதுதான்.

கட்டி முடித்ததும் ஒரு சோதனை மறக்காமல் செய். ஆளை உள்ளே விடுகிறதா என்று எல்லாரும் பார்ப்பார்கள். பெயரை எடுத்த பிறகு வெளியே நிறுத்துகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். வேலையில் இருப்பவரை வைத்து அதைச் செய்ய முடியாது, அழுதுவிடுவார்கள். என்னை வைத்துச் செய். பட்டியலில் என் பெயரைக் கொஞ்ச நாளைக்குச் சேர்த்து, என் பெட்டியைப் புதுச் சர்வருக்கு முதல் ஆளாக மாற்று. நாள் வந்ததும் பெயரை எடு. நான் உள்ளே போக முயன்று பார்த்துச் சொல்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்,
ஜெயராஜ்


பிரிக்பீல்ட்ஸ்
20 மார்ச் 2024

அண்ணனுக்கு,

நலமா என்று கேட்கும் நிலையில் நான் இல்லை. கோபமாக இருக்கிறேன்.

ஏன் கேட்டீர்கள் என்று எழுதினேன், அதற்குப் பதிலே இல்லை. இரண்டு வாரமாக அது மனத்தில் உறுத்திக்கொண்டே இருந்தது. நேற்று சென்ட்ரலில் ரயிலுக்கு நிற்கும்போதுதான் பொறி தட்டியது. சிந்துஜா அடிலெய்டுக்குத் திரும்பிப் போன அன்று விமான நிலையத்தில் நானும்தான் நின்றேன். "எழுதணும்னு தோணுச்சுன்னா உங்க ஆபீஸ் மெயிலுக்கு நானே எழுதறேன். அதுவரைக்கும் நீங்க எழுதாதீங்கப்பா, போனும் பண்ணாதீங்க" என்றாள். நீங்கள் தலையை மட்டும் ஆட்டினீர்கள். நாலு வருடமாக அவள் எழுதவில்லை. நாலு வருடமாக ஓய்வு பெற்ற மனிதர் ஆபீஸ் மெயிலைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்த முகவரியை மூடும் மென்பொருளைத்தான் எனக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறீர்கள். கட்டச் சொன்னதும் நீங்கள், முதல் ஆளாக உங்களைப் பூட்டச் சொன்னதும் நீங்கள்.

அண்ணிக்கு உடம்பு முடியவில்லை என்பதை, பரீட்சை முடியட்டும் பரீட்சை முடியட்டும் என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லாமல் வைத்திருந்தீர்கள். அவள் வந்தபோது காரியமே முடிந்திருந்தது. இப்போது எனக்கும் அதே வைத்தியமா? கலா வேலையை முடிக்கட்டும், பிறகு தெரிந்துகொள்ளட்டும் என்றா?

சிவசம்பு ஐயாவிடம் நான் பேசுகிறேன். ஒரே ஒரு முகவரிக்கு விலக்குக் கேட்டால் ஒன்றும் ஆகிவிடாது.

கலா


கிள்ளான்
22 மார்ச் 2024

அன்புள்ள கலாவுக்கு,

கோபத்திலும் நீட்டாக எழுதியிருக்கிறாய். நீ நலமாக இருக்கிறாய் என்று அதிலேயே தெரிந்துகொண்டேன்.

பேசாதே. எனக்காக ஓர் ஓட்டை வைத்தால் நாளைக்கு இன்னொருவருக்காக இன்னொன்று வைப்பாய். டெங்கில் டீச்சர் மறுபடியும் காலி வகுப்பில் உட்காருவார். நான் அந்த வேலையைப் பார்த்தவன், எனக்குத் தெரியும்.

அவள் எழுதாதீர்கள் என்றாள், நான் எழுதவில்லை. அவளைத் தேடவும் இல்லை. என்னால் செய்ய முடிந்தது கதவைச் சாத்தாமல் வைத்தது ஒன்றுதான். ஆனால் கதவு சங்கத்துடையது.

முதல் தேதியிலிருந்து சோதனையை ஆரம்பி. ஏப்ரல் முப்பதாம் தேதி என் பெயரை எடு. போன் வேண்டாம். போனில் எனக்குக் குரல் சரியாக வராது. எதுவானாலும் எழுது, தினமும் பார்க்கிறேன்.

அண்ணன்,
ஜெயராஜ்


பிரிக்பீல்ட்ஸ்
8 ஏப்ரல் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமா? வெயில் ஆளைக் கொல்கிறது, வெளியே போகாதீர்கள். முதல் தேதி நீங்கள் உள்ளே நுழைந்ததைப் பதிவில் பார்த்தேன். பழைய கடிதங்கள் எல்லாம் இருக்கின்றன அல்லவா? உங்களோடு தலைமை அலுவலகத்தில் சிலரையும் டெங்கில் பள்ளியையும் மாற்றியிருக்கிறேன். என் பெட்டியைக் கடைசியாக மாற்றுவேன். சமைக்கிறவள் கடைசியில்தானே சாப்பிட வேண்டும்.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும், மூன்று நாளாக எழுதி எழுதி அழிக்கிறேன். சிந்துஜா எனக்கு ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு வரி மெயில் போடுகிறாள். நலமாக இருக்கிறாள், வேலையில் இருக்கிறாள். "அப்பாகிட்ட சொல்லாதீங்க அத்தை" என்றாள், சொல்லவில்லை. நம் குடும்பத்தில் எல்லாரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர்கள். அதுதான் நம் வியாதி.

போன வெள்ளிக்கிழமை அவளுக்கு ஆபீஸ் அறிவிப்பு ஒன்று அனுப்பினேன். "ஜெயராஜ் அவர்களின் சங்க முகவரி ஏப்ரல் 30 அன்று மூடப்படும்." இவ்வளவுதான். அப்பா பாவம் என்றோ, காத்திருக்கிறார் என்றோ ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. எழுதினால் எழுதட்டும், இல்லையென்றால் இல்லை. திட்டுவதானால் திட்டுங்கள்.

அன்புடன்,
கலா


பிரிக்பீல்ட்ஸ்
17 ஏப்ரல் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம்தானே? பதில் இல்லை. கோபம் என்று தெரிகிறது. உங்கள் கோபம் கத்தாது, கதவைச் சாத்திக்கொள்ளும். சின்ன வயதிலிருந்தே பார்த்த கோபம்தான்.

அவளிடமிருந்து ஏதாவது வந்ததா? அதை மட்டுமாவது சொல்லுங்கள். நான் உங்கள் பெட்டியைத் திறந்து பார்க்கலாம், அதிகாரம் இருக்கிறது. ஆனால் பார்க்க மாட்டேன்.

கலா


பிரிக்பீல்ட்ஸ்
24 ஏப்ரல் 2024

அண்ணே,

மூன்றாவது கடிதம் இது. நேற்று இரண்டு முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. எனக்கு அலுத்துவிட்டது. பகலெல்லாம் சர்வரோடு மாரடிப்பு, வீட்டுக்கு வந்தால் நீங்கள். கொமுட்டரில் ஏறினால் கிள்ளான் ஒரு மணி நேரத்துக்கும் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். அந்த ரயிலில் ஏறாத நான் கடிதத்தில் கோபப்பட்டு என்ன பயன்?

திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள்.

கலா


கிள்ளான்
27 ஏப்ரல் 2024

அன்புள்ள கலாவுக்கு,

நலமா? இடுப்பு எப்படி? நீ எழுதி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. உனக்கு என்ன கஷ்டம் என்று எனக்குப் புரிகிறது. அண்ணனைப் பூட்டி வெளியே நிறுத்தும் வேலை உன் தலையில் வந்து விழுந்திருக்கிறது, அதனால்தான் எழுதக் கை வரவில்லை. அன்று போன் வந்தபோதும் அழப் போகிறாயோ என்று பயந்துதான் எடுக்கவில்லை.

வருத்தப்படாதே. சொன்ன தேதியில் மூடிவிடு. யாரும் எழுதவில்லை. யாரும் என்றால் யாருமே இல்லை. முன்பெல்லாம் தினமும் பத்து விளம்பரமாவது வரும், இந்த மாதம் அதுகூட இல்லை. உன் புதுச் சர்வர் நல்ல சுத்தம். காலையில் திறந்து பழைய கடிதங்களைப் பார்த்துவிட்டு மூடுகிறேன்.

அவளுக்கும் எழுதத் தோன்றவில்லை. நாலு வருடம் தோன்றாதது இந்த மூன்று நாளில் தோன்றிவிடவா போகிறது? மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

அண்ணன்,
ஜெயராஜ்


பிரிக்பீல்ட்ஸ்
29 ஏப்ரல் 2024

அண்ணே,

நலம் விசாரிப்பெல்லாம் பிறகு. இதைப் படித்ததும் பெட்டியில் இதற்குக் கீழே பாருங்கள். விளம்பரக் குப்பைக்கு நடுவே நாலு கடிதம் இருக்கும். மூன்று என்னுடையது. நாலாவதை முதலில் படியுங்கள்.

"விளம்பரம்கூட இல்லை" என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்ததும் சர்வரைத் திறந்து உட்கார்ந்தேன். எந்தச் சர்வரும் அவ்வளவு சுத்தம் கிடையாது. அந்த நேரம் பார்த்து டெங்கிலிலிருந்து பவுனம்மாள் டீச்சர் போன் செய்தார். "ஏம்மா கலா, ஒரு மாசமா எனக்கு ஒரு மெயிலும் வரலை லா. என்னை வேலையை விட்டுத் தூக்கிட்டீங்களா? சொல்லிட்டுத் தூக்குங்கம்மா." இங்கே ஆபீஸில் என் பக்கத்தில் அஸ்லினாவுக்கு வந்திருக்கிறது, மெய் லிங்குக்கு வந்திருக்கிறது. யாருக்கு வரவில்லை என்று கேட்டுக் கேட்டு எழுதினேன். வராதவர்கள் எல்லாம் நம் தமிழ் ஆட்கள். டீச்சரைத் தவிர மற்றவர்கள் மெயில் வராததே நிம்மதி என்று சும்மா இருந்துவிட்டார்கள்.

பட்டியலில் பெயர் அடையாள அட்டையில் உள்ளபடி இருக்கிறது, இன்னார் மகன் என்பதற்கு ஏ/எல், மகள் என்பதற்கு ஏ/பி என்று நடுவே சாய்கோட்டோடு. ஜெயராஜ் ஏ/எல் தம்புசாமி. பவுனம்மாள் ஏ/பி பக்கிரிசாமி. புதிதாக வரும் கடிதத்தை அந்த முழுப் பெயரில் ஒரு பெட்டி செய்து வை என்று சர்வருக்கு எழுதிக் கொடுத்தவள் நான்தான். கணினிக்குச் சாய்கோடு என்றால் பெட்டிக்குள் பெட்டி என்று அர்த்தம். அது 'ஜெயராஜ் ஏ' என்று ஒரு பெட்டி செய்து, அதற்குள் 'எல் தம்புசாமி' என்று இன்னொன்று செய்து, உங்களுக்கு வந்ததையெல்லாம் அங்கே போட்டிருக்கிறது. பழைய கடிதங்களை நானே கையால் எடுத்து வைத்ததால் அவை மட்டும் உங்கள் கண்ணில் பட்டன. மலாய்ப் பெயர்களில் வரும் பின், பிந்தி, சீனப் பெயர் எல்லாவற்றையும் வைத்துச் சோதித்தேன். நானே ஒரு ஏ/பி, எனக்கே தோன்றவில்லை. ஊருக்கெல்லாம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. இப்போது பெயரை விட்டுவிட்டுப் பணியாளர் எண்ணைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

நாலாவது கடிதம் ஏப்ரல் 9 அன்று வந்திருக்கிறது. அனுப்பியவர் பெயரை மட்டும் பார்த்தேன். திறக்கவில்லை. இருபது நாளாக அது அங்கே கிடந்திருக்கிறது. அப்பா படித்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார் என்று அந்தப் பிள்ளை நினைத்திருக்கும். என்னால்தான், அண்ணே.

நாளைக்குச் சொன்னபடி மூடுவேன். அதற்குள் படித்துவிடுங்கள்.

கலா


கிள்ளான்
5 மே 2024

அன்புள்ள கலாவுக்கு,

நலம். புது முகவரியிலிருந்து எழுதுகிறேன், யாரோ என்று நினைத்துக் குப்பையில் தள்ளிவிடாதே.

முதலில் வேலை. முப்பதாம் தேதி சாயங்காலம் என் பழைய பாஸ்வேர்டைப் போட்டுப் பார்த்தேன். விடவில்லை. இன்னொரு தடவை நிதானமாகப் போட்டேன், அப்போதும் விடவில்லை. வெளியிலிருந்து எழுதியும் பார்த்தேன். "இப்படி ஒருவர் இங்கே இல்லை" என்று திரும்பி வந்தது. சோதனையில் தேறிவிட்டாய் என்று சிவசம்பு ஐயாவிடம் சொல்.

உன் மூன்று கடிதங்களையும் படித்தேன். அவளுக்கு அறிவிப்பு அனுப்பியதற்கு உன்னைத் திட்ட வேண்டும், மனம் வரவில்லை. தீபாவளிக்குத் தீபாவளி அவள் நலமாக இருந்தாள் என்பதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் நீ. சரி, நானும் எதைச் சொன்னேன்.

அவள் கடிதத்தில் இருந்தது ஒரே வரி. "அப்பா, ஆபீஸ் முகவரி மூடப் போறதா அத்தை ஆபீஸிலிருந்து வந்திருக்கு, வேற முகவரி இருந்தா அனுப்புங்க." அழுகை இல்லை, மன்னிப்பு இல்லை, நலமா என்றுகூட இல்லை. படித்த அன்றைக்கே புது முகவரியை அனுப்பினேன். இருபது நாள் தாமதத்துக்குக் காரணம் எங்கள் பெயருக்கு நடுவே இருக்கும் சாய்கோடு என்றும் எழுதினேன். நம்புவாளோ மாட்டாளோ. இதுவரை பதில் வரவில்லை. பரவாயில்லை, காத்திருப்பது எனக்குப் பழக்கம்.

அனுப்பியவர் பெயரை மட்டும் பார்த்தேன் என்று எழுதியிருந்தாய். மேலே வெறும் 'சிந்துஜா' என்றுதானே இருந்தது? அந்த ஊர்க் கணினியும் நம் சாய்கோட்டை ஏற்காதாம், எங்கேயோ படித்திருக்கிறேன். ஆனால் நீ திறக்கவில்லை, அதனால் உனக்குத் தெரியாது. அந்த ஒரு வரிக்குக் கீழே அவளே எழுத்து எழுத்தாகத் தட்டியிருக்கிறாள், தமிழில்.

சிந்துஜா ஏ/பி ஜெயராஜ்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறு. மீன் வாங்கி வைக்கிறேன். போன் செய், எடுப்பேன்.

அண்ணன்,
ஜெயராஜ்